படபடப்பும் ஒரு கிழிந்த நோட்டுப் புத்தகமும்

1880-ம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை காலியானது. ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியாருக்கு, தனக்குப் பின் அந்த இடத்துக்கு யார் வரவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தன்னைப் போலவே பாடம் கேட்டவர், திருவாவடுதுறை மடத்து இளைஞர், வயது 25. ஆனால் சிபாரிசு மட்டும் போதவில்லை. ஆங்கிலம் படித்த பேராசிரியர்களின் எதிரே உட்கார்ந்து, ஆங்கிலக் கல்வி பெறாத அந்த இளைஞர் தன் தமிழை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மெய்ப்பித்தார். வேலை கிடைத்தது. உ.வே. சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானது அப்படித்தான்.

முப்பது ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் வேலை தேடிப் புறப்பட்டார். அதே கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எழுதிய எஃப்.ஏ. என்னும் அன்றைய இடைநிலைத் தேர்விலும் தோல்வி. கல்யாணம் வேறு ஆகிவிட்டது. 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் ராமசாமி ஐயர். இளைஞர் கொண்டுவந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இவரை ரெவின்யூ இலாகாவின் கடைநிலையில் உட்காரவைப்பது பாவம் என்று நினைத்து, கையில் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இப்படி, கேட்ட வேலை கிடைக்காமல் போனதே நல்லதாக முடிந்தது சீனிவாச ராமானுஜனுக்கு.

அந்தக் கடிதப் பயணம் கடைசியில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய் விட்டது. வேலைக்கான நேர்முகத் தேர்வுகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்தச் சந்திப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராவே பின்னாளில் அதை விவரித்திருக்கிறார். குட்டையான, பருத்த உருவம், மழிக்காத முகம், அவ்வளவு சுத்தம் என்றும் சொல்ல முடியாது, கண்கள் மட்டும் மின்னின, கக்கத்தில் ஓரம் கிழிந்த நோட்டுப் புத்தகம். இன்றைய பயிற்சி மையம் எதுவும் இந்தத் தோற்றத்துக்குப் பாஸ் மார்க் போடாது. ராமானுஜன் நோட்டைத் திறந்து விளக்க ஆரம்பித்தார். ராவும் கணிதம் அறிந்தவர்தான். ஆனாலும் எதிரே இருப்பவர் பேசுவது அர்த்தமுள்ளதா, வெறும் உளறலா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்.

இரண்டாம் முறை நடந்ததுதான் விசேஷம். கலெக்டருக்கு எவ்வளவு தெரியும், எங்கே புரியாமல் போகிறது என்பதை ராமானுஜன் அதற்குள் அளந்துவிட்டிருந்தார். இந்தத் தடவை எளிய முடிவுகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலே கூட்டிக்கொண்டு போனார். ராவ் அசந்துபோனார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி செய்துகொண்டு உயிர்வாழக் கொஞ்சம் பணம் போதும் என்றார் இளைஞர். ராவ் சில காலம் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தார்.

முதல் சந்திப்பு எடுபடவில்லை என்றதும் பெரும்பாலோர் அதையே நினைத்து நொந்துகொண்டு கிடப்பார்கள். ராமானுஜன் தன்னைப் பற்றிய கவலையை ஓரங்கட்டிவிட்டு, எதிரே இருப்பவரைப் பார்த்தார். பதற்றம் பிடித்தவரால் முடியாத காரியம் அது. அவருக்குத் தன் குரல் நடுங்குவதும் உள்ளங்கை வியர்ப்பதும்தான் தெரியும். கேட்ட கேள்வியே பாதிதான் காதில் விழும்.

இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் வேலை. ஆய்வுக்கூடத்தில் மனிதருக்குப் பதற்றத்தை உண்டாக்கிப் பார்க்க ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை உருவாக்கி 1993-ல் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? பொய்யான ஒரு நேர்முகத் தேர்வு! முகத்தில் சிரிப்பே காட்டாத குழுவின் முன் நின்று, இந்த வேலைக்கு நான்தான் தகுதியானவன் என்று ஐந்து நிமிடம் பேசவேண்டும். அடுத்து 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போகவேண்டும், தப்பினால் முதலிலிருந்து. இவ்வளவுக்கே எச்சிலில் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. வேலை எதுவும் கிடைக்காது என்று தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டு நகையைச் சொசைட்டியில் அடகுவைத்துப் படித்தவருக்கு எப்படி இருக்கும்?

அதனால் 'பதறாதே' என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சுக்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற நெஞ்சை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம் போலும். 2011-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரீட்சைக்குச் சற்று முன் தங்கள் பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதித் தள்ளிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்குவதைக் கண்டார்கள். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை; காத்திருக்கும் அறையிலேயே செய்துவிடலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணியும் என்பதும் உண்மைதான்.

ஆனால் இவையெல்லாம் கடைசி நேரக் கைவைத்தியம். காவிரி டெல்டாப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பலம் காலடியிலேயே கிடக்கிறது. குடிமைப் பணித் தேர்வின் நேர்முகத்தில் விண்ணப்பத்தில் எழுதிய சொந்த மாவட்டத்திலிருந்து கேள்வி வருவது சகஜம். தஞ்சாவூர் என்று எழுதிவிட்டு, மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படுவது ஏன், 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. காவிரி நீர் என்ன கணக்கு, 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எதைத் தடுக்கிறது என்று கேட்டால் விழிக்கக்கூடாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதென்று அப்பா நெல்லோடு காத்துக்கிடந்ததைப் பார்த்தவருக்கு, குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி எந்த கைடும் சொல்லித்தர வேண்டாம். அதைச் சொல்லும்போது குரல் தானாகவே நிமிரும். பலர் இதை விட்டுவிட்டு உலக வங்கியை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆங்கிலம் இன்னொரு பூதம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர், டெல்லியில் நடக்கும் யு.பி.எஸ்.சி. நேர்முகத்திலும் தமிழிலேயே பதில் சொல்லலாம். அது குறுக்கு விசாரணை இல்லை, நோக்கத்தோடு நடக்கும் இயல்பான உரையாடல் என்று அதன் அறிவிப்பே சொல்கிறது. எழுத்துக்கு 1750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் எழுத்துக்கு 750, நேர்முகத்துக்கு 100. அந்த அறைக்குள் நுழையும்போதே மலையில் பெரும்பகுதி ஏறியாகிவிட்டது.

அரியர், இடையில் விழுந்த இரண்டு வருட கேப், இவற்றைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் தனியார் வேலைக்குப் போகிறவர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. 1912 பிப்ரவரி 9-ல் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ராமானுஜன் எழுதிய விண்ணப்பம் இதற்கு நல்ல மாதிரி. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து, சூழ்நிலை சரியில்லாததால் மேலே தொடர முடியாததையும் சொல்கிறார். அழுகை இல்லை, கதையும் இல்லை. அடுத்த வாக்கியத்தில் அந்தக் காலம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டதைச் சொல்லிவிட்டு, வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று முடிக்கிறார். மார்ச் 1-ல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

பத்து, இருபது நிமிடப் பேச்சில் ஒருவரின் திறமையை எடைபோட முடியுமா என்பது நியாயமான சந்தேகம். மத்திய அரசே கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வு வேண்டாம் என்று 2016 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் அது வாசலாக இருந்ததே காரணம். ஆகவே ஒரு குழு வேண்டாம் என்று சொன்னால், அது அந்தக் குழு அன்றைக்குச் சொன்னது, அவ்வளவுதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலையில் சென்னையில் இறங்கி, ரயில் நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு நேராக இன்டர்வியூவுக்குப் போகும்படி பிள்ளையை அனுப்பாதீர்கள். தூங்காத மூளைக்கு எந்த வைத்தியமும் பலிக்காது. ஒரு நாள் முன்னதாக அனுப்பி, சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கவையுங்கள். அன்று இரவு போன் செய்து, "இந்தத் தடவையாவது கெடச்சிருமா தம்பி?" என்று கேட்கவேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.