சாலைச் சினமும் மோட்டார் சைக்கிள் பயணமும்
கொல்கத்தா நகரம் தரும் படிப்பினைகள்

நம் நாட்டில் நடுத்தர வர்க்கத்தாரின் ஊர்தி மோட்டார் சைக்கிளே ஆகும். அலுவலகத்திற்கும் ஆலைக்கும் கடைக்கும் நாள்தோறும் சென்று வருவோர் கோடிக்கணக்கில் இதனையே நம்பியுள்ளனர். ஆனால் சாலையில் மிகுதியாக உயிரிழப்போரும் இவர்களே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதிவேகம், குடிபோதை, பழுதடைந்த சாலை ஆகிய காரணங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அது சினம். வண்டி ஓட்டுவோர் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் கண்மண் தெரியாத இக்கோபத்தைச் ‘சாலைச் சினம்’ எனலாம்.

நெருக்கடியின் பிறப்பிடம்

சாலைச் சினத்தைப் புரிந்துகொள்ளக் கொல்கத்தா நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு. நகரின் மொத்தப் பரப்பில் சாலைகளுக்குக் கிடைத்துள்ள பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடே. தில்லியில் இது 20 விழுக்காட்டுக்கும் மேல். இக்குறுகிய இடத்தில் பஸ், டாக்சி, ஆட்டோ, தள்ளுவண்டி, கை ரிக்‌ஷா, பாதசாரி ஆகிய அனைவரும் இடம் தேட வேண்டியுள்ளது. 1943-இல் ஹௌரா பாலமும், 1984-இல் நாட்டின் முதல் மெட்ரோ இரயிலும், 1992-இல் வித்யாசாகர் சேதுவும், 2015-இல் ‘மா’ மேம்பாலமும் திறக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நெரிசலைக் குறைக்க உதவின. எனினும், வாகனங்கள் பெருகிய வேகத்திற்குச் சாலைகளின் பரப்பு ஈடுகொடுக்கவில்லை.

இந்நகரில் சில சாலைகள் முற்பகலில் ஒரு திசைக்கும், பிற்பகலில் எதிர்த்திசைக்கும் ஒருவழிப் பாதைகளாக மாறும் வழக்கம் உண்டு. இதனை அறியாது எதிரே வரும் புதியவரைப் பிறர் வேண்டுமென்றே விதியை மீறியவராகக் கருதுகின்றனர். பங்கு முறையில் ஓடும் ஆட்டோ, பயணி கைகாட்டியதும் சட்டென்று ஓரங்கட்டி நிற்கிறது. பின்னால் வருபவர் அதனைத் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக எண்ணுகிறார். இட நெருக்கடியால் நேரும் தடங்கலை எதிராளியின் குணக்கேடாகக் கொள்ளும் இம்மனப்போக்கே சினத்தின் வித்து என உளவியலார் கூறுவர்.

பொருளாதாரக் காரணமும் உண்டு

சாலைச் சினம் தனிமனிதக் குறைபாடு மட்டுமன்று. கொல்கத்தாவில் தனியார் பஸ்களின் ஓட்டுநரும் நடத்துநரும் நெடுங்காலமாக, மாதச் சம்பளத்திற்குப் பதில் டிக்கெட் வசூலில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று வந்துள்ளனர். முன்னால் செல்லும் பஸ்ஸுக்கே அடுத்த நிறுத்தத்தின் பயணிகள் கிடைப்பர். ஆகவே ஒரே தடத்தில் ஓடும் இரு பஸ்கள் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. வங்க மொழியில் இதனை ‘ரேஷாரேஷி’ என்பர். 2024 நவம்பரில் சால்ட் லேக் பகுதியில் பஸ்களுக்கிடையே நேர்ந்த இத்தகைய போட்டியில், தாயுடன் ஸ்கூட்டரில் சென்ற பள்ளிச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதன்பின் இக்கூலி முறையையே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

இதிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அறிய வேண்டியது ஒன்று. பஸ் ஓட்டுநரின் அவசரம் தம்மீதுள்ள பகைமையால் எழுந்ததன்று; அன்றைய வருவாயைப் பற்றிய கவலையால் எழுந்தது. இரு பஸ்களுக்கு இடைப்பட்ட சந்தில் ஒருபோதும் நுழையலாகாது. நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை இடப்புறமாகக் கடக்கவும் கூடாது. பயணிகள் இறங்கும் பக்கம் அதுவே.

ஒரு நொடியின் விலை

சினம் மூளும்போது இதயத் துடிப்பு விரைவடைகிறது, தசைகள் இறுகுகின்றன, பார்வை எதிராளிமீதே குத்திட்டு நிற்கிறது. பக்கத்துச் சந்திலிருந்து வரும் ரிக்‌ஷாவோ, முன்னே உள்ள பள்ளமோ கண்ணில் படுவதில்லை. இதன் விளைவை எளிய கணக்கொன்றால் அறியலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு வினாடியும், அதன்பின் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறையவும் எடுப்பதாகக் கொள்வோம். வண்டி நிற்க ஏறத்தாழ 23 மீட்டர் தேவை. அதே வண்டி 60 கி.மீ. வேகத்தில் சென்றால் 44 மீட்டர் தேவை. வேகம் ஒன்றரை மடங்காகும்போது தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. சினத்தால் கவனம் மேலும் ஒரு வினாடி பிறழ்ந்தால் இன்னும் ஏறத்தாழ 17 மீட்டர் கூடும். கொல்கத்தாவின் எந்தச் சந்தியில் இவ்வளவு வெற்றிடம் கிடைக்கும்?

காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உள்ளது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கோ அவருடைய உடலே அரண். பெரிய வண்டி சற்றே ஒதுங்கி உரசினாலும் கீழே விழுபவர் அவரே. ஆகவே சாலைச் சண்டையில் நியாயம் எப்பக்கம் இருப்பினும் இழப்பு அவருக்கே மிகுதி.

மோதலைத் தவிர்க்கும் வழிகள்

முதலாவது, சினத்திற்கு இடம் தராத ஓட்டுமுறை. திரும்புமுன் அடையாள விளக்கு காட்டுதல், முன்வண்டியிலிருந்து இரண்டு வினாடி இடைவெளி விடுதல், சிவப்பு விளக்கில் கோட்டுக்குப் பின்னே நிற்றல், தேவையின்றி ஒலிப்பானை அழுத்தாதிருத்தல் ஆகிய நான்கும் பெரும்பாலான சச்சரவுகளை முளையிலேயே கிள்ளிவிடும்.

இரண்டாவது, ஒருவர் வம்புக்கு வந்தால் வழிவிடுதல். அவர் முந்த விரும்பினால் முந்தட்டும். கண்ணோடு கண் நோக்கி முறைத்தல், கையை ஆட்டுதல், பதிலுக்கு ஒலிப்பானை அலறவிடுதல் ஆகியவை எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். தவறு நம்முடையதாயின் கையை உயர்த்தி வருத்தம் தெரிவித்தால் பெரும்பாலோர் தணிந்துவிடுவர்.

மூன்றாவது, எதிராளி பின்தொடர்ந்தால் வீட்டிற்குச் செல்லலாகாது. ஆளரவமற்ற சந்துகளிலும் திரும்பலாகாது. வெளிச்சமும் மக்கள் நடமாட்டமும் உள்ள இடத்திற்கோ, பெட்ரோல் நிலையத்திற்கோ, போக்குவரத்துக் காவலர் நிற்கும் சந்திக்கோ சென்று நிற்க வேண்டும். அங்கிருந்து 100 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்கலாம். வண்டியின் எண்ணை மனத்தில் குறித்துக்கொண்டால் போதும். ஓட்டியவாறே கைப்பேசியில் படம் எடுக்க முயல்வது புதியதோர் ஆபத்தை வரவழைக்கும். தலைக்கவசத்தைக் கழற்றாமல் பேசுவதும் நல்ல தற்காப்பு.

நான்காவது, மழைக்காலத்தில் தனி எச்சரிக்கை. சில சாலைகளில் டிராம் தண்டவாளங்கள் இன்னும் பதிந்துள்ளன. நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் எளிதில் வழுக்கும். அதனை இயன்ற அளவு செங்குத்தாகவே கடக்க வேண்டும். ஒருவரைத் துரத்தும் வேகத்தில் சாய்வாகக் கடந்தால் விழுவது திண்ணம்.

தலைக்கவசம் இவை அனைத்திற்கும் அடிப்படை. அது மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக் காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசங்களையே விற்க வேண்டும் என்பது விதி. மேற்கு வங்க அரசு 2016 ஜூலையில் ‘பத்திரமாக ஓட்டு, உயிரைக் காப்பாற்று’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. தலைக்கவசம் அணியாதோருக்குப் பெட்ரோல் இல்லை என்னும் கட்டுப்பாடும் அப்போது கொல்கத்தாவில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டத்தில் சாலைச் சினம் என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. ஆயினும் அதன் ஒவ்வொரு செயலும் குற்றமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின்படி, பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுதல் 281-ஆவது பிரிவிலும், வழிமறித்தல் 126-ஆவது பிரிவிலும், காயப்படுத்துதல் 115-ஆவது பிரிவிலும், மிரட்டுதல் 351-ஆவது பிரிவிலும் அடங்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-ஆவது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைத் தண்டிக்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரைப் பாதுகாக்கிறது.

புகார் அளிப்பதில் இருந்த ஓர் இடர்ப்பாட்டையும் கொல்கத்தா நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுத்தியது. 2019 ஜூன் மாதம் ஓர் இரவில், எக்சைடு சந்திப்பில் ஒரு வாடகைக் காரை மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்கள் மோதினர். அவர்கள் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. ஓட்டுநரை வெளியே இழுத்துத் தாக்கினர். பின்னர் அக்காரைத் தொடர்ந்து சென்று அதில் பயணம் செய்த பெண்ணையும் துன்புறுத்தினர். எழுவர் கைது செய்யப்பட்டனர். ஆனால் நிகழ்ச்சி தங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று என்று காவலர்கள் தட்டிக்கழித்ததாக அப்பெண் கூறியது பெரும் விவாதமாயிற்று. இன்று பாரதிய நாகரிக சுரட்சா சம்ஹிதையின் 173-ஆவது பிரிவின்படி, கைது செய்தற்குரிய குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். எல்லையைக் காரணம் காட்டி மறுக்க இயலாது. மின்னணு வழியில் தகவல் தருவோர் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும்.

கணநேரக் கோபம் எவ்வளவு காலம் தொடரும் என்பதற்கும் சான்று உண்டு. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் சாலையில் எழுந்த தகராறில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் கிரிக்கெட் வீரராயிருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் 1,000 ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது. மறுஆய்வில், 2022 மே மாதம் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை வழங்கியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் வழக்கு நீடித்தது.

அனைவரின் பொறுப்பு

ஓட்டுநர் உரிமத் தேர்வு, வண்டியை எட்டு வடிவில் ஓட்டிக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. நெரிசலில் பொறுமை காப்பதும் ஒரு திறமையே. அதனையும் பயிற்றுவிக்க வேண்டும். பஸ் ஊழியருக்கு நிலையான ஊதியம், இருசக்கர வாகனங்கள் நிற்கத் தனி இடம், தெளிவான ஒருவழி அறிவிப்புப் பலகைகள் ஆகியவை அரசும் நகராட்சியும் ஆற்ற வேண்டிய பணிகள். லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழருக்கும், அண்ணா சாலையில் வண்டி ஓட்டுவோருக்கும் இது ஒருங்கே பொருந்தும். முந்திச் செல்வதால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த சிவப்பு விளக்கு வரையிலான முன்னிலையே. அதற்காக உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது.