சேவைப் பதிவேடும் விடுபட்ட விருதுகளும்: அமெரிக்கப் படையினரின் ஆவணத் திருத்தம் பற்றிச் சில குறிப்புகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படைகளிலிருந்து விலகும் ஒருவருக்கு ஒரு பத்திரம் கையளிக்கப்படுகின்றது. 1950 ஆம் ஆண்டு முதல் அது டீ.டீ. 214 என்னும் படிவ இலக்கத்தாலேயே வழங்கிவருகின்றது. அவர் எப்போது சேர்ந்தார், எங்கே பணியாற்றினார், எந்நிலையில் விலகினார் என்பனவெல்லாம் அதிற் சிறு சிறு கட்டங்களுள் அடக்கப்பட்டுள்ளன. இன்று வழக்கிலுள்ள படிவத்தில் 13 ஆம் கட்டம் விருதுகளுக்கு உரியது. அக்கட்டத்தில் ஒரு பதக்கத்தின் பெயர் விடுபட்டுப்போனால் அதனை மீளச் சேர்ப்பது எவ்வாறு, சேர்க்க முடியாது போவது எப்போது என்பனவே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினாக்கள்.

இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்போர் இருக்கலாம். சிதைந்த ஏடுகளையும் பாடபேதங்களையும் ஆராய்வதை நாம் புலமையென மதிக்கின்றோம். அரசு தன் குடிமகனைப் பற்றி எழுதிவைப்பதும் ஒரு பனுவலே. அதனை எழுதியவர் யார், எத்தேவைக்காக எழுதினார், எதனை எழுதாது விட்டார் என்னும் வினாக்கள் அதற்கும் பொருந்துவனவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏட்டின் சிதைவினாற் பதிப்பாசிரியர் இடர்ப்படுவார். இப்பனுவலின் சிதைவினால் அதிற் பேசப்படும் மனிதனே இடர்ப்படுகின்றான்.

பதக்கம் வெறும் அலங்காரப் பொருள் என்ற எண்ணத்தை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும். 1945 மே மாதத்தில் ஐரோப்பாவிற் போர் ஓய்ந்தபோது, யார் முதலில் வீடு திரும்புவது என்பதை அமெரிக்கத் தரைப்படை புள்ளிக் கணக்கின் மூலம் தீர்மானித்தது. சேவையின் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 புள்ளி. கடல் கடந்த மாதத்துக்கு மேலும் 1. ஒவ்வொரு விருதுக்கும் போர்நடவடிக்கைக்கும் 5. பிள்ளை ஒன்றுக்கு 12, மூன்று பிள்ளைகள் வரை. 85 புள்ளி பெற்றோர் விலகத் தகுதியுடையோராயினர். பதியப்படாத பதக்கமொன்று ஒருவனை மேலும் சில மாதங்கள் படையில் இருத்தக் கூடியதாயிருந்தது. பசுபிக் போர் அப்போது முடிந்திருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இன்றைய நிலையிலும் இதுபோன்ற ஒரு தொடர்பு உண்டு. போரிற் பங்குபற்றிய முன்னாட் படையினர் தமது நோய்க்கோ ஊனத்துக்கோ நட்டஈடு கோருமிடத்து, உத்தியோகபூர்வமான மருத்துவப் பதிவு இல்லாதபோதும், போர்ச் சூழலுக்கு ஒத்துவருமாயின் அவரது வாக்குமூலத்தையே சான்றாக ஏற்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கின்றது. ஆயின் அவர் போரிற் பங்குபற்றியவர் என்பது எங்ஙனம் அறியப்படும்? எதிரியாற் காயமுற்றோருக்கு வழங்கப்படும் 'ஊதா இருதய'ப் பதக்கமோ, போர்க்கள காலாட்படைச் சின்னமோ பதிவேட்டில் இருப்பின் அதுவே போதுமான ஆதாரமாகின்றது. எனவே 13 ஆம் கட்டத்தில் ஒரு வரி இருக்கின்றதா இல்லையா என்பது முதுமையில் ஒருவர் பெறும் வைத்தியத்தையும் கொடுப்பனவையும் பற்றிய வினாவாகவும் அமைந்துவிடுகின்றது.

விடுபாடுகள் ஏற்படுதற்குரிய காரணங்கள் பல. இலட்சக்கணக்கானோர் ஒருசேர விலகிய 1945–46 காலப்பகுதியில், விடுகை நிலையங்களில் இருந்த இலிகிதர்கள் தம் முன்னிருந்த கோவையிற் கண்டதையே தட்டச்சிட்டனர். கோவைக்கு வந்துசேராத கட்டளைகள் அவர்களுக்கு இல்லாதனவே. வைத்தியசாலையிலிருந்து வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டவனின் தாள்கள் அவனுக்குப் பின்னாலேயே அலைந்து திரிந்தன. சில விருதுகள் படையினர் வீடு சென்ற பின்னரே உண்டாக்கப்பட்டன. போர்க் கைதிகளுக்கான பதக்கம் 1985 இலேயே சட்டமாயிற்று. ஆயினும் 1917 ஏப்ரில் தொடக்கம் கைதியானோர் யாவரும் அதற்கு உரியராயினர். அவ்வாறே, இரண்டாவது உலக மகாயுத்தத்திற் போர்க்கள காலாட்படைச் சின்னமோ போர்க்கள மருத்துவச் சின்னமோ பெற்றவருக்கு 'வெண்கல நட்சத்திரம்' உரித்தாகும் என 1947 இல் விதி செய்யப்பட்டது. ஆனால் அது தானாக வீடு தேடி வருவதன்று; விண்ணப்பித்தோர்க்கே கிடைத்தது. வயலுக்கும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் திரும்பிய தொழிலாளி இவ்விதியை எங்ஙனம் அறிந்திருப்பான் என்பதை விதி செய்தோர் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இவற்றோடு ஒரு பெருந் தீயும் சேர்ந்துகொண்டது. மிசூரி மாநிலத்தின் சென்ற் லூயிஸ் நகருக்கு அண்மையில், 1956 இற் கட்டிமுடிக்கப்பட்ட தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தின் ஆறாம் மாடியில் 1973 ஆம் ஆண்டு யூலை 12 ஆந் திகதி தீ மூண்டது. அது முற்றாக அணைய நாலு நாட்களுக்கு மேலாயிற்று. எரிந்தழிந்த கோவைகள் 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையெனக் கணிக்கப்பட்டுள்ளன. 1912 நொவம்பருக்கும் 1960 சனவரிக்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதமும், 1947 செப்ரெம்பருக்கும் 1964 சனவரிக்கும் இடையில் விலகிய விமானப்படையினருள், பெயரின் அகரவரிசையில் 'ஹபர்ட்' என்பதற்குப் பிற்பட்டோரின் பதிவுகளில் ஏறத்தாழ 75 சதவீதமும் அழிந்தன. பிரதிகள் இருக்கவில்லை, நுண்படம் எடுக்கப்படவில்லை, எவருடைய கோவைகள் அங்கிருந்தன எனக் காட்டும் அட்டவணைதானும் இல்லை. கோவைகள் இருந்த மாடிகளில் தானாக நீர் தெளிக்கும் பொறிகளும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. தீயின் காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை.

எரிந்தவற்றுக்கு ஈடாக அங்குள்ள ஆவணக்காப்பாளர் செய்துவரும் மீளமைப்புப் பணி உண்மையிற் பாராட்டுக்குரியது. நீரில் ஊறியும் கருகியும் மீண்ட ஏறத்தாழ 65 இலட்சம் கோவைகள் உலர்த்திப் பேணப்பட்டன. முழுவதும் அழிந்தவற்றுக்குச் சம்பளப் பட்டியல்கள், படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகள், வைத்தியசாலை அனுமதிக் குறிப்புகள், முன்னாட் படையினர் நிர்வாகத்திடம் முன்னரே சென்றுவிட்ட கோரிக்கைக் கோவைகள் முதலானவற்றிலிருந்து ஒருவனின் சேவை வரலாறு துணுக்குத் துணுக்காகக் கட்டியெழுப்பப்படுகின்றது. மூலப்பிரதி அழிந்த நூலை மேற்கோள்களிலிருந்து மீட்டெடுக்கும் முயற்சிக்கு இதனை ஒப்பிடலாம்.

இனித் திருத்தும் நடைமுறையை நோக்குவோம். முதலிற் செய்ய வேண்டியது, 'எஸ்.எப். 180' என்னும் படிவத்தின் மூலம் தமது கோவையின் பிரதியைப் பெற்று, அதிலுள்ளதையும் விடுகைப் பத்திரத்திலுள்ளதையும் ஒப்புநோக்குவதாகும். விருது வழங்கிய கட்டளை கோவையிலிருந்து, பத்திரத்தில் மட்டும் அது விடுபட்டிருப்பின் சிக்கல் இல்லை. உரிய படைத்துறை அலுவலகம் 'டீ.டீ. 215' என்னும் திருத்தப் பத்திரத்தை வழங்கும். படைப்பிரிவு முழுவதற்கும் கிடைத்த பாராட்டுகளும் இவ்வாறே சேர்க்கப்படும். குறித்த நாட்களில் அவர் அப்பிரிவில் இருந்தமை புலப்பட்டாற் போதும்.

இவ்வழி பயனளிக்காதவிடத்து அடுத்த படி, 'டீ.டீ. 149' படிவத்தின் மூலம் படைத்துறைப் பதிவேடுகளைத் திருத்தும் சபைக்கு முறையிடுவதாகும். இச்சபைகளின் தோற்றம் கவனத்துக்குரியது. 1946 க்கு முன்னர் ஒரு படைவீரனின் பதிவைத் திருத்த வேண்டுமாயின் காங்கிரசிலே அவன் பெயரால் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரப்படுதல் வேண்டும். செல்வாக்குள்ள உறுப்பினரை அணுகக் கூடியோர்க்கே அவ்வழி திறந்திருந்தது என்பது வெளிப்படை. அவ்வாண்டின் சட்டமொன்று அம்மசோதாக்களை நிறுத்தி, சிவிலியர்களைக் கொண்ட சபைகளிடம் அப்பணியை ஒப்படைத்தது. அவ்வளவில் அது முற்போக்கான சீர்திருத்தமே. தவறு கண்டறியப்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அக்கால எல்லையை மன்னிக்கச் சபைக்கு அதிகாரமுண்டு.

ஆயின் சபை தன் ஆய்வை எங்கிருந்து தொடங்குகின்றது என்பதே எமக்கு முக்கியமானது. படைத்துறை நிர்வாகம் ஒழுங்காகவே நடைபெற்றது, பதிவேடு சரியானதே என்னும் அனுமானத்திலிருந்து அது தொடங்குகின்றது. தவறென நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரியைச் சார்ந்தது. நேரில் விசாரிக்கப்படும் உரிமை அவருக்கு இல்லை. பெரும்பாலும் தாள்களைக் கொண்டே தீர்ப்பு அமைகின்றது. உடனிருந்த தோழர்களின் சத்தியக்கடதாசிகள் ஏற்கப்படுமாயினும், அக்காலத்தில் எழுதப்பட்ட உத்தியோகபூர்வமான தாளொன்றுக்கு உள்ள எடை அவற்றுக்கு வாய்ப்பது அரிது. எழுதும் உரிமை அதிகாரிகளிடம் இருந்தது. எழுதாமைக்கான சான்றைத் தேடும் சுமை சிப்பாயிடம் வந்துசேர்கின்றது.

இதனால் இருவகை விடுபாடுகளை நாம் வேறுபடுத்தி நோக்க வேண்டியுள்ளது. வழங்கப்பட்டும் பதியப்படாத விருது ஒருவகை. வழங்கப்பட்டிருக்க வேண்டியதாயினும் எவராலும் விதந்துரைக்கப்படாத, அல்லது விதந்துரைக்கப்பட்டும் இடைவழியில் நின்றுபோன விருது மற்றொருவகை. முன்னையது இலிகிதர் தவறு. நடைமுறை அதனை இலகுவிற் குணப்படுத்துகின்றது. பின்னையது சமூக உறவுகளிலிருந்து தோன்றுவது. விதப்புரை மேலதிகாரிகளின் வழியாகவே செல்லும். இரண்டாவது உலக மகாயுத்தத்திற் கறுப்பினப் படையினருட் பெரும்பாலோர் தனிப்பிரிவுகளில், பண்டம் ஏற்றவும் பார ஊர்தி ஓட்டவும் வீதி அமைக்கவும் நிறுத்தப்பட்டனர். அவர்களுடைய அதிகாரிகளுட் பெரும்பாலோர் வெள்ளையர். பருத்தித் தோட்டத்தின் உழைப்புப் பிரிவினையே இங்கு சீருடை அணிந்து நின்றது. அப்போரில் நானூறுக்கு மேற்பட்டோர்க்கு வழங்கப்பட்ட 'கௌரவப் பதக்கம்' ஒரு கறுப்பினத்தவருக்கேனும் அப்போது கிடைத்திலது. 1993 இல் தரைப்படை ஷோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்த ஆய்வின் பின்னர், 1997 சனவரியில் ஜனாதிபதி கிளின்டன் எழுவருக்கு அதனை வழங்கினார். அவர்களுள் வேர்ணன் பேக்கர் ஒருவரே உயிருடன் இருந்தார்.

அவ்வெழுவருட் சேராத ஒருவர் வேவர்லி வுட்சன். 1944 யூன் 6 ஆந் திகதி ஒமாஹா கடற்கரையில் இறங்கிய 320 ஆவது தடுப்பு பலூன் பட்டாலியனின் மருத்துவத் துணையாளர் அவர். அது கறுப்பினப் படையினரைக் கொண்ட பிரிவு. இறங்கும்போதே காயமுற்ற அவர், ஏறத்தாழ 30 மணிநேரம் அக்கரையில் நின்று காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்தார். அவரால் உதவி பெற்றோர் 200 பேரளவில் எனக் கூறப்படுகின்றது. அவருக்குக் கிடைத்தது 'வெண்கல நட்சத்திரம்'. அவரது கோவை 1973 இன் தீயில் எரிந்துபோயிற்று. பிற்காலத்தில் உயர்ந்த விருதுக்கான கோரிக்கை எழுந்தபோது, தரைப்படையின் விடை ஆவணம் இல்லை என்பதாயிருந்தது. அவரைப் பற்றிப் போர்க்காலத்தில் ஒரு தகவல்துறை அலுவலர் வெள்ளை மாளிகைக்கு எழுதிய குறிப்பொன்று பின்னர் வேறொரு காப்பகத்திற் கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு உயரிய விருது விதந்துரைக்கப்பட்டிருந்தமையும், அதனை ஜனாதிபதியே நேரில் அளிக்கலாம் என்ற யோசனையும் அதிற் பேசப்பட்டிருந்தன. வுட்சன் 2005 இற் காலமானார். 2024 யூனில் அவருக்கு அறிவிக்கப்பட்டது 'சிறப்புச் சேவைச் சிலுவை'. 'கௌரவப் பதக்கம்' அன்று.

முதலாவது உலக மகாயுத்தத்தைச் சேர்ந்த ஹென்றி ஜோன்சனின் வரலாறும் இத்தகையதே. அமெரிக்கப் படை தன்னோடு சேர்த்துக்கொள்ளாது பிரெஞ்சுத் தலைமையிடம் விட்ட 369 ஆவது படையணியில் அவர் பணியாற்றினார். 1918 மே மாதத்தில் ஓர் இரவு ஜேர்மானியரின் திடீர்த் தாக்குதலை எதிர்த்துப் போராடிப் பல காயங்கள் பெற்றார். பிரான்ஸ் தன் போர்ச் சிலுவையை அவருக்கு அளித்தது. தாய்நாட்டின் விடுகைப் பத்திரத்தில் அக்காயங்கள் குறிக்கப்படவில்லை. 1929 இல் அவர் மறைந்தார். 'ஊதா இருதயம்' 1996 இலும், 'சிறப்புச் சேவைச் சிலுவை' 2002 இலும், 'கௌரவப் பதக்கம்' 2015 இலும் வந்தன. இறுதி விருதுக்குத் துணைநின்றவற்றுள், தளபதி பேர்ஷிங் அக்காலத்திலேயே எழுதிய செய்திக் குறிப்பொன்று முதன்மையானது. செனற்றர் ஒருவரின் அலுவலகத்தினர் அதனைத் தேடிக் கண்டெடுத்தனர். பிரெஞ்சுப் பாராட்டும் அக்காலப் பத்திரிகைச் செய்திகளும் செய்ய முடியாததைத் தளபதியின் தாள் செய்தது.

காலம் கடந்த விதப்புரைகளைக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் வேண்டுகோளின் பேரில் ஆராயலாம் என 1996 இன் சட்டமொன்று வழி செய்துள்ளது. இதனால் 1946 இல் மூடப்பட்ட அதே வாயில் மற்றொரு பெயரில் ஓரளவு திறக்கப்பட்டது எனலாம். 2019 இறுதியில் நிறைவேறிய சட்டத்தின் கீழ், முதலாவது உலக மகாயுத்தத்திற் போரிட்ட கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிய, யூத, அமெரிக்கப் பழங்குடிப் படையினரின் விருதுகளை மீளாய்வு செய்யவும் ஏற்பாடாயிற்று. 'சிறப்புச் சேவைச் சிலுவை'யோ அதற்கு நிகரான கடற்படைச் சிலுவையோ, பிரான்சின் போர்ச் சிலுவையின் உயர்தரமோ பெற்றிருந்தவர்களும், 'கௌரவப் பதக்க'த்துக்கு அக்காலத்தில் விதந்துரைக்கப்பட்டிருந்தவர்களுமே அம்மீளாய்வுக்குள் அடங்குவர். அதிகாரி ஒருவரும் ஒரு வரியேனும் எழுதாது விட்டவர்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை.