முதியோர் இல்லத்தின் வாசலைத் தாண்டும் முன்

இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை முடிந்து, அல்லது பக்கவாதத்திலிருந்து ஓரளவு தேறி, மருத்துவமனையை விட்டுச் செல்லும் நிலைக்கு வந்துள்ள முதியவர்களின் குடும்பத்தார் எங்களிடம் ஒரு வினாவைத் தயக்கத்துடன் கேட்பதுண்டு. "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நல்ல இல்லம் ஒன்று சொல்வீர்களா?" கேட்கும்போதே பலருடைய குரல் தாழ்ந்துவிடுகிறது. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும், பெற்றவரைக் கைவிடுகிறோமோ என்ற குற்ற உணர்வும் அதற்குக் காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தக்க கவனிப்பைத் தேடி ஒருவரை இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. பொறுப்பில் உள்ள முதியவரை முற்றிலும் கைவிடும் எண்ணத்துடன் எங்கேனும் விட்டுச் செல்வதையே சட்டம் குற்றமாகக் கருதுகிறது. எனவே எங்கே சேர்க்கிறோம், சேர்த்த பின் எப்படிக் கண்காணிக்கிறோம் என்பவற்றில்தான் கவனம் வேண்டும். குறிப்பிட்ட இல்லம் ஒன்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் நல்ல இல்லத்தை அடையாளம் காண்பது எப்படி என்பதைச் சொல்ல முடியும். இல்லங்களிலிருந்து மீண்டும் எங்கள் வார்டுக்கு வரும் முதியவர்கள், வழுக்கி விழுந்த முறிவு, படுக்கைப்புண், சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோதல், உணவு புரையேறி நுரையீரலில் வந்த தொற்று ஆகியவற்றுடன் வருவதைக் காண்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை.

சட்டம் வகுத்துள்ள அளவுகோல்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வறிய முதியோருக்காக மாவட்டத்திற்கு ஓர் இல்லமாவது, 150 பேருக்குக் குறையாமல் தங்கும் வசதியுடன் அமையலாம் என்று அச்சட்டம் வழிசெய்கிறது. அத்தகைய இல்லங்களுக்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், படுக்கையறையில் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 80 சதுர அடி இடம் வேண்டும் என்கின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக் கூடிய கழிப்பறை, சாய்தளம், கைப்பிடிகள், முதலுதவி வசதி ஆகியவையும் அவற்றில் கூறப்பட்டுள்ளன.

இவை அரசு இல்லங்களுக்காக எழுதப்பட்டவை. எனினும் கட்டணம் வாங்கும் தனியார் இல்லத்தையும் இதே அளவுகோலால் அளந்து பார்ப்பதில் தவறில்லை. ஏழைக்கு இலவசமாக அமைக்கும் இல்லத்திற்கே இவ்வளவு வேண்டுமென்றால், மாதந்தோறும் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் இல்லத்தில் அதற்குக் குறைவாக இருப்பதை ஏன் ஏற்க வேண்டும்? இல்லம் பதிவு பெற்றுள்ளதா என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தீயும் பூட்டிய கதவும்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அது முதியோர் இல்லமன்று. ஆயினும் தாமே எழுந்து வெளியேற இயலாதவர்கள் தங்கும் எந்த இடத்திற்கும் அது கற்பிக்கும் பாடம் ஒன்றே.

வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லீல்-வெர்த் என்னும் சிற்றூரில், 2014 ஜனவரி 23 இரவில் முதியோர் இல்லம் ஒன்று எரிந்து 32 பேர் உயிரிழந்தனர். தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாத பழைய பகுதி எரிந்து அழிந்தது. நீர்த்தெளிப்பானும் இடையே தீத்தடுப்புச் சுவரும் கொண்ட புதிய பகுதி தப்பியது. ஒரே இல்லம், ஒரே இரவு. உயிரைக் காத்தது கட்டடத்தின் அமைப்பு.

ஆகவே இல்லத்தைப் பார்க்கச் செல்லும்போது வரவேற்பறையின் அழகைப் பாராமல், வெளியேறும் வழிகளைப் பாருங்கள். இரண்டாவது வழி உண்டா? இரவில் அது பூட்டப்படுகிறதா? பூட்டினால் சாவி யாரிடம், எந்த அறையில்? நடக்க இயலாதவர்கள் தரைத்தளத்தில் இருக்கிறார்களா? சமையல் எரிவாயு உருளைகள் படுக்கையறைகளிலிருந்து தள்ளி வைக்கப்பட்டுள்ளனவா? தீயணைப்பான் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பது அதிலுள்ள சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும்.

குளியலறையும் இரவு நேரமும்

முதியவர்களுக்கு ஆபத்து மிகுந்த இடம் குளியலறை. ஆபத்து மிகுந்த நேரம் இரவு. கழிப்பறைக்கு எழுந்து செல்லும் வழியில்தான் பலர் விழுகின்றனர். சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் அழைப்பு மணி ஆகியவை இருக்க வேண்டும். குளியலறைக் கதவை வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே சரிந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

அழைப்பு மணியை நீங்களே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர், அவர்கள் விழித்திருப்பவர்களா, படுத்துறங்குபவர்களா என்பதையும் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அங்குள்ள பணியாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து: நேரமும் பதிவும்

பல இல்லங்களில் மருந்து உணவு வேளையோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. நடுக்கவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மருந்தை நேரம் தவறாமல், பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். தாமதித்தால் எழுந்து நிற்கவும், விழுங்கவும்கூட இயலாமல் போகலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவரும் மருந்தை எடுத்துக்கொண்டு உணவைத் தவறவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். இரவில் அவை தூக்கம் என்றே தவறாக எண்ணப்படுகின்றன.

ஒவ்வொருவருக்கும் தனி மருந்துப் பதிவேடு இருக்கிறதா, கொடுத்தவர் ஒவ்வொரு வேளையும் கையெழுத்திடுகிறாரா என்று பாருங்கள். மாலை ஐந்து மணிக்கே இரவு எட்டு மணி மருந்துக்கும் கையெழுத்து விழுந்திருந்தால், அப்பதிவேட்டை நம்ப முடியாது. திறக்காத இன்சுலின் குப்பிகள் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. மின்தடையின்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

படுக்கைப்புண்ணும் உணவும்

தானே புரண்டு படுக்க இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். காற்று மெத்தை இருப்பதால் புரட்ட வேண்டியதில்லை என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களில் புண் தொடங்கும். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாகவோ, கெட்டியாகவோ, தொட்டால் வலிப்பதாகவோ இருந்தால் அதுவே முதல் அறிகுறி. நீங்கள் பார்க்கச் செல்லும்போது போர்வையை விலக்கி இவ்விடங்களைப் பார்ப்பது உங்கள் உரிமை.

பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவரைப் படுக்க வைத்தபடி ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு கவளமாக, முந்தைய கவளம் இறங்கிய பின்னரே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவரே ஊட்டும் இடத்தில் இது நடவாது. வயது கூடக் கூடத் தாக உணர்வு குறைவதால், கேட்டால் மட்டும் தண்ணீர் தருவதும் போதாது. கட்டிலுக்கு அருகில், கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கட்டிவைப்பது கவனிப்பு ஆகாது

மறதிநோய் உள்ளவர் எழுந்து அலைவதைத் தடுக்க, கட்டிலோடு துணியால் கட்டுவதும், மருத்துவர் சொல்லாமலே தூக்க மருந்து கொடுப்பதும் சில இடங்களில் வழக்கமாக உள்ளன. மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. கட்டப்பட்டவர் விடுபட முயன்று விழுகிறார், புண் வருகிறது, குழப்பமும் கூடுகிறது. தாழ்ந்த கட்டில், பாதுகாப்பாக உலவச் சுற்றுச்சுவருள்ள முற்றம், பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த கைப்பட்டை ஆகியவையே சரியான வழிகள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினாலோ, ஓயாமல் உறங்கினாலோ, அது வயதின் இயல்பன்று. சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கக் கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

• மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்? பயிற்சி பெற்ற செவிலியர் இரவிலும் இருக்கிறாரா?
• அவசர நிலையில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள்? உடன் யார் வருவார்? எங்களுக்கு எவ்வளவு நேரத்திற்குள் தகவல் தருவார்கள்?
• மாதக் கட்டணத்தில் டயப்பர், மருந்து, தனி உதவியாளர் ஆகியவை அடங்குமா?
• முன்பணம் திரும்பக் கிடைக்குமா? உடல்நிலை மோசமானால் இல்லத்தை விட்டு அனுப்பிவிடுவார்களா?
• விழுதல், புண் போன்ற நிகழ்வுகளுக்குத் தனிப் பதிவேடு உண்டா? அதை நாங்கள் பார்க்கலாமா?

விடைகளை எழுத்தில் பெறுங்கள். ஓய்வூதியம் பெறுபவரின் ஏடிஎம் அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் இல்லத்தாரிடம் ஒப்படைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் கைரேகை வைக்கவும் அனுமதிக்க வேண்டாம்.

சேர்த்த பின் நம் பங்கு

எங்கள் மருத்துவமனையிலிருந்து நேராக இல்லத்திற்குச் செல்பவர்கள், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், மருந்து நேரப் பட்டியல், ஒவ்வாமை விவரம், அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றைச் செவிலியரிடம் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். நிறுத்தப்பட்ட மருந்துகளின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய மருந்துகளும் புதியவையும் சேர்ந்து கொடுக்கப்படுவது அப்போதுதான் நிற்கும்.

எல்லாவற்றினும் மேலான காப்பு, போய்ப் பார்ப்பது. முன்னறிவிப்பின்றி, வெவ்வேறு நேரங்களில், குறிப்பாக இரவு உணவு வேளையில் செல்லுங்கள். நகமும் பாதமும் சுத்தமாக உள்ளனவா, கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிவிக்கப்பட்டுள்ளனவா, உடை தளர்ந்து எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சற்று நேரம் தனியாகப் பேசுங்கள். பணியாளர் அருகில் நிற்கும்போது அம்மாவோ அப்பாவோ உண்மையைச் சொல்லத் தயங்குவர். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பவர்கள், உள்ளூர் உறவினர் ஒருவரை வாரம் ஒரு முறையாவது சென்றுவர ஏற்பாடு செய்துகொள்ளட்டும். யாரேனும் வருவார்கள் என்று தெரிந்தவரிடம் பணியாளர்களின் கவனமும் கூடுகிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பணியாளரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதும் நம் கடமை. குறைந்த ஊதியத்தில் கடினமான வேலையை அவர்கள் செய்கின்றனர்.

குறை கண்டால் முதலில் இல்ல நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். தீராவிடில் மாவட்டச் சமூக நல அலுவலரையோ மாவட்ட ஆட்சியரையோ அணுகலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணமின்றிப் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108ஐ அழையுங்கள். இல்லத்தைத் தேர்வு செய்வதில் ஐயம் உள்ளவர்கள், மருத்துவமனையை விட்டுச் செல்லும் நாளுக்குச் சில நாட்கள் முன்னரே எங்களிடம் பேசுங்கள். கிளம்பும் நேரத்தின் அவசரத்தில் எடுக்கும் முடிவைவிட, இரண்டு மூன்று இல்லங்களை நேரில் பார்த்து எடுக்கும் முடிவு உங்கள் பெரியவருக்கு நன்மை தரும்.