மோட்டார் வண்டியில் அம்பிளிபயர் அமைக்கும் முறை

வண்டியிலுள்ள வானொலிப் பெட்டி தரும் மெல்லிய மின்குறியை வலுப்படுத்தி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புங் கருவி அம்பிளிபயர் எனப்படும். அதனை எங்கே வைப்பது, எவ்வாறு பொருத்துவது என்பன சிறிய வினாக்கள்போலத் தோன்றும். ஆயினும், பிழையாக அமைத்தால் வண்டி தீக்கிரையாதலுங் கூடும். ஆதலின், 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்து, இலங்கை வீதிகளில் இன்றுங் காணப்படும் மொறிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

கருவியை வாங்குமுன் நோக்கவேண்டியன இரண்டு. முதலாவது மின்முனை. தொழிற்சாலையில் இவ்வண்டி ஆக்கப்பட்டபோது பற்றரியின் நேர்முனையே உலோக உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இக்கால அம்பிளிபயர்களோ மறைமுனை உடலுடன் இணைந்த வண்டிகளுக்கு உரியவை. இதனை அறியாது இணைப்பின் கருவி கணத்தில் அழியும். முனை இன்னும் மாற்றப்படாதிருப்பின், தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு மாற்றுவித்தல் வேண்டும். இரண்டாவது மின்வலு. பழைய தைனமோ தரும் ஓட்டம் ஏறத்தாழ 20 அம்பியர். 12 வோல்ற்றில் அது 240 உவாற்று ஆகும். இரவில் விளக்குகளும் ஏனைய உறுப்புக்களும் அதில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே சிறிய கருவியே இவ்வண்டிக்குப் பொருந்தும்.

இனி, இடம். வெப்பம், ஈரம், அதிர்வு என்னும் மூன்றும் இக்கருவிக்குப் பகை. முன் ஆசனத்தின் கீழே வைப்பின் மழைக்காலத்தில் தரையிற் சேரும் நீர் அதனைத் தீண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியின் மீது பொருத்தின் ஓயாத அதிர்வினால் இணைப்புக்கள் தளரும். தலைகீழாகத் தொங்கவிடின் மேலெழும் வெப்பம் கருவியிலேயே தங்கும். டிக்கி எனப்படும் பின்பெட்டியின் பக்கவாட்டில், அரை அங்குல மரப்பலகையொன்றை நிலைக்குத்தாக உறுதிப்படுத்தி, அதிற் பொருத்துதலே சிறந்தது. குளிர்விக்குந் தகடுகள் மேல்கீழாக நிற்கவேண்டும். சுற்றிலும் இரண்டங்குல இடைவெளியாவது இருக்கவேண்டும். பயணப் பொதிகளை அதன்மீது சாத்தலாகாது.

பின்பெட்டியின் தரையில் ஒருபோதும் துளையிடலாகாது. பெற்றோல் தாங்கி அதன் கீழேதான் உள்ளது. வேறெங்கு துளையிடுவதாயினும் மறுபுறத்தில் யாதுளது என்று கண்ட பின்னரே துளையிடுக.

பற்றரி இவ்வண்டியின் முன்மூடியின் கீழ் இருத்தலால், கருவிக்குச் செல்லும் நேர்முனைக் கம்பி மிக நீண்டது. கருவியில் உருகி இருக்கின்றதே, வேறொன்று எதற்கு என்று சிலர் வினவுவர். அவ்வுருகி கருவியை மட்டுமே காக்கும். இடைவழியிற் காவலுறை தேய்ந்து கம்பி உலோக உடலைத் தொட்டால், மின்னோட்டம் அவ்வுருகியைச் சென்றடையாமலே உடல்வழி பற்றரிக்கு மீளும். அப்போது பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை வழங்கும். கம்பி பழுக்கக் காய்ந்து தீ மூளும். ஆதலின், பற்றரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் வேறோர் உருகி அமைத்தல் இன்றியமையாதது. அதன் அளவு, கம்பி தாங்கவல்ல ஓட்டத்தை மிகலாகாது. தகட்டுத் துளைகளினூடு கம்பி செல்லுமிடமெல்லாம் இறப்பர் வளையம் இடுதல் வேண்டும்.

மறைமுனைக் கம்பி குறுகியதாயிருக்கவேண்டும். நிறப்பூச்சைச் சுரண்டி நீக்கிய உலோகத்தில் அதனை இறுகப் பூட்டுக. மின்குறிக் கம்பியை வண்டியின் ஒரு பக்கமாகவும் மின்வலுக் கம்பியை மறுபக்கமாகவும் கொண்டு சென்றால் இரைச்சல் குறையும். வேலை தொடங்குமுன் பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிடுதல் மறவற்க.

எல்லாம் முடிந்தபின் ஒரு மணிநேரம் இயக்கி, கருவியையும் உருகிப்பெட்டியையும் இணைப்புக்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இயல்பு, கை பொறுக்காச் சூடு பிழையின் அறிகுறி. அப்பிழையைத் திருத்திய பின்னரே குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு இசை கேட்கப் புறப்படலாம்.