தமிழ்நாட்டில் உயிரியல் இளநிலைப் பட்டப்படிப்பு

தமிழ்நாட்டில் உயிரியல் இளநிலைப் பட்டப்படிப்பு என்பது கலை அறிவியல் கல்லூரிகளில் நடத்தப்படும் பி.எஸ்சி. தாவரவியல், பி.எஸ்சி. விலங்கியல் ஆகிய இரண்டையும் முதன்மையாகக் குறிக்கும். பள்ளியில் "உயிரியல்" என்று ஒரே பாடமாக இருப்பது கல்லூரியில் பெரும்பாலும் அந்தப் பெயரில் கிடைப்பதில்லை. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பவியல் ஆகியவை தனிப் பட்டங்கள். படிப்புக்காலம் மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள்.

சேர்வதற்கான தகுதி

பிளஸ் டூவில் உயிரியலையோ, தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாகவோ படித்திருக்க வேண்டும். கணிதத்துடன் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பொதுவாக இதில் சேர முடியாது. பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இது முடிவாகிவிடுகிறது என்பதைப் பல பெற்றோர் பிறகுதான் உணர்கிறார்கள். நீட் தேர்வு எழுதியிருக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படியும் இட ஒதுக்கீட்டின்படியும் சேர்க்கை நடைபெறுகிறது.

ஐந்து பகுதிகள்

மாநிலப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வழக்கமாக 140 கிரெடிட்டுகள் தேவை. இவை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 மேஜர் எனப்படும் முதன்மைப் பாடம், அலைடு எனப்படும் துணைப்பாடம், விருப்பப்பாடம் ஆகியவை. பகுதி 4-இல் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் வளர்ப்புப் பாடங்கள், பிற துறையிலிருந்து எடுக்கும் ஒரு பாடம் ஆகியவை வரும். பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற ஈடுபாடுகளுக்கானது.

சுற்றுச்சூழல் கல்வி எல்லாத் துறை மாணவருக்கும் கட்டாயமானதற்கு எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1991-இல் பிறப்பித்த உத்தரவே அடிப்படை. உயிரியல் மாணவர்கள் இதை எளிதென்று எண்ணி ஒதுக்கிவிட்டு, அரியர் வைத்துக்கொள்வது உண்டு. ஐந்து பகுதிகளில் எதில் ஒரு தாள் நின்றாலும் பட்டம் கிடைக்காது.

பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, பருவத்தேர்வு 75 என மொத்தம் 100 மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு 40 வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறுபடலாம்.

மேஜர் பாடங்கள்

தாவரவியலில் பாசிகள், பூஞ்சைகள், பிரையோஃபைட்டுகள், டெரிடோஃபைட்டுகள், ஜிம்னோஸ்பெர்ம்கள் என்று எளிய தாவரத்திலிருந்து படிப்படியாக மேலே செல்வது வழக்கம். பிறகு பூக்கும் தாவரங்களின் வகைப்பாடு, உள்ளமைப்பியல், கருவியல், செல் உயிரியல், மரபியல், செயலியல், சூழலியல் ஆகியவை. விலங்கியலில் முதுகெலும்பற்றவை, முதுகுநாணுள்ளவை என்று தொடங்கி உடற்செயலியல், வளர்ச்சி உயிரியல், நோய்த்தடுப்பியல், பரிணாமம் வரை செல்லும். பட்டுப்புழு வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, மண்புழு உரம், நீர்வாழ் உயிரி வளர்ப்பு போன்றவை விருப்பப்பாடங்களாகவோ திறன் வளர்ப்புப் பாடங்களாகவோ இருக்கும்.

வகைப்பாட்டியலில் பெந்தம், ஹூக்கர் ஆகியோர் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட முறையே இன்றும் வகுப்பறையில் முதலில் கற்பிக்கப்படுகிறது. டி.என்.ஏ. வரிசையை வைத்து வகைப்படுத்தும் புதிய முறை வந்த பிறகும் பழையதைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. கையில் ஒரு பூவும் ஒரு லென்சும் இருந்தால் போதும், குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

செய்முறை

இந்தப் பட்டத்தின் உயிர்நாடி செய்முறைதான். தண்டையோ வேரையோ பிளேடால் மெல்லிய சீவலாக வெட்டி, சாஃப்ரனின் சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைய வேண்டும். சீவல் தடித்துவிட்டால் செல்கள் தெரியாது. நன்றாக வர வாரக்கணக்கில் பழக வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பேராசிரியரின் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்தில்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. தேர்வில் "ஸ்பாட்டர்" என்று மேசையில் வரிசையாக வைக்கப்பட்ட மாதிரிகளை அடையாளம் கண்டு காரணத்துடன் எழுத வேண்டும்.

தாவரவியல் மாணவர்கள் செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர், குடும்பம், இடம், நாள் எழுதிய ஹெர்பேரியம் தாள்களைத் தர வேண்டும். சேகரித்த இடமும் நாளும் எழுதப்படாத தாள் வெறும் காய்ந்த இலைதான். அத்தகைய தாள்கள் ஒரு நாட்டின் ஆவணமாக எப்படி மாறுகின்றன என்பதைப் பார்க்க விரும்புவோர், கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தைப் பார்க்கலாம்.

விலங்கியலில் நிலைமை மாறிவிட்டது. முன்பு தவளையையும் கரப்பானையும் அறுக்காமல் பட்டம் கிடைக்காது. விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாக நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இப்போது படங்கள், மாதிரிகள், கணினிக் காட்சிகள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. விலங்குகளுக்கு இது நல்லது. ஆனால் அதற்கு ஈடாகக் களப்பயணம் கூட வேண்டும். மண்டபம், பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரைகளுக்கு ஒருநாள் போய்வருவதோடு பல கல்லூரிகள் நிறுத்திவிடுகின்றன.

அலைடு பாடம்

மாணவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் பின்விளைவு மிகுந்த பகுதி இது. வழக்கமாகத் தாவரவியல் மாணவருக்கு விலங்கியலும் வேதியியலும், விலங்கியல் மாணவருக்குத் தாவரவியலும் வேதியியலும் அலைடாக அமையும். சில கல்லூரிகளில் வேறு இணைகளும் உண்டு. பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் போகிறவர் ஒரே வகுப்பில் ஒளிச்சேர்க்கையையும் இதயத்தையும் நடத்த வேண்டும்; அதனால் மற்ற உயிரியல் துறையை அலைடாகப் படித்திருப்பது பெரும் பலம்.

இன்னொன்றும் உண்டு. பி.எட். சேர்க்கைக்கான குறைந்தபட்ச மதிப்பெண் கணக்கிடப்படும்போது பகுதி 3-இன் மேஜர், அலைடு, செய்முறை மதிப்பெண்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. "அலைடு வேதியியலில் பாஸ் ஆனால் போதும்" என்று இருந்தவருக்கு அந்த 40 மதிப்பெண்ணே பிறகு சராசரியைக் கீழே இழுக்கும்.

பட்டத்தின் பெயரும் வேலைவாய்ப்பும்

மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலை, முதுநிலை இரண்டும் ஒரே பாடத்தில், அல்லது அதற்கு இணையான பாடத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பவியல் முடித்து எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவர் "கிராஸ் மேஜர்" ஆகிறார். அவர் அறிவில் குறைந்தவர் அல்ல, விதி அப்படி. எது எதற்கு இணை என்பதை உயர்கல்வித் துறை அரசாணைகள் மூலம் அறிவிக்கிறது. பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், அரசாணையில் இணையென்று இல்லாவிட்டால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பம் நின்றுவிடும்.

ஆகவே கவர்ச்சியான பெயருள்ள புதிய பட்டத்தில் சேருமுன், அதற்கு இணைத்தன்மை ஆணை உள்ளதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆணை எண்ணைச் சொல்ல முடியாவிட்டால், "வந்துவிடும்" என்ற வாய்மொழியை நம்பிப் பணம் கட்டக் கூடாது. ஆசிரியப் பணியை நினைக்காதவருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆய்வகம், மருந்து நிறுவனம், ஆராய்ச்சி என்று போகிறவருக்கு நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் நேரடியாகவே பயன்படும்.

பயிற்றுமொழி

சில அரசுக் கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் தமிழ்வழியில் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாகப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.