எட்டா, பன்னிரண்டா?

வெள்ளவத்தையில் என் மாணவன் ஒருவனுடைய மேசைமீது ஒரு சிறு விமானம் நிற்கின்றது. சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 17 சென்ரிமீற்றர். மெய்யான ஹரிக்கேன் விமானத்துக்கு அது 40 அடி. எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறுக்கிய அளவு. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 14 ஹரிக்கேன்கள் எதிர்த்தெழுந்தன. அவற்றுள் 9 வீழ்ந்தன. அப்பதினான்கினுள் ஒன்றை உள்ளவாறே ஆக்குவது அவன் கருத்து.

முன்னர் அவன் செய்து பழகியது பொலிக்கார்ப்போவ் வகுத்த ஐ-16 என்னும் சோவியத்துப் போர்விமானம். 1933இன் இறுதியில் முதன்முதற் பறந்த அதன் உடல் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி ஆக்கியது. ஆதலின் வழவழப்பாகத் தேய்த்தாற் போதும். 1935இற் பறந்த ஹரிக்கேனின் பின்னுடலோ துணி போர்த்தது. துணியின்கீழ் ஓடும் நீளச் சட்டங்கள் இலேசாகப் புடைத்துத் தோன்றல்வேண்டும். பழைய கைப்பழக்கத்தால் அவற்றையும் தேய்த்துவிட்டு, மறுபடி அமைக்க அவன் பட்ட பாடு சிறிதன்று.

நிற்க. பெரிய வில்லங்கம் சிறகில் வந்தது. அன்று திடலிலிருந்து எழுந்தவை ஒரே வகையின அல்ல. ஒன்பது, 12 இயந்திரத் துப்பாக்கிகள் பூண்ட இரண்டாம் வகை. எஞ்சிய ஐந்தும் 8 துப்பாக்கிகளே கொண்ட பழைய முதல் வகை. இரு பெட்டிகளின் உறுப்புகள் கலந்தமையால், பழையதன் மூக்கும் புதியதன் சிறகும் ஒன்றாய்ப் பொருந்திவிட்டன. பூச்சும் உலர்ந்துவிட்டது.

"யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? விட்டுவிடு" என்றேன்.

"ஐயா, செய்யுளில் இப்படி விடுவீர்களா?" என்றான்.

எனக்கு வாய் எழவில்லை. ஏடுகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி அவ்வாரந்தான் வகுப்பில் விரித்துரைத்திருந்தேன். ஓர் ஏட்டின் முன்னடியோடு வேறோர் ஏட்டின் பின்னடியை இசைத்தால் ஓசை இனிதாகலாம். ஆயினும் அது எப்புலவனும் பாடாத பாட்டு. பழைய மூக்கும் பன்னிரண்டு துப்பாக்கிகளும் உடைய விமானத்திலும் அன்று எவனும் ஏறவில்லை. பழையதில் ஏறியவன் எட்டோடுதான் வானிற் சென்றான். இன்று நான்கைக் கூட்டிக் கொடுத்தல் அவனுக்குச் செய்யும் உபகாரமாகுமா?

புறத்தே இருந்த நான்கு துளைகளையும் அடைத்துத் தேய்த்து, மீண்டும் பூசியிருக்கின்றான். அவ்விடத்திற் பச்சை சற்று மிகுந்துவிட்டது. அதனை இன்னும் சரிப்படுத்தவில்லை.