மனசுக்கு ஒண்ணுமில்ல டொக்டர், நெஞ்சுதான் அடைக்குது

மாத்தளையில் எங்கள் கிளினிக்குக்கு ஒரு சிலர் தடித்த பைலோடு வருகிறார்கள். உள்ளே மூன்று இ.சி.ஜி., வயிற்று ஸ்கேன், தலைக்கு எடுத்த சி.டி., கண்டியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுத்த கடிதம். எல்லாமே நோர்மல். இறத்தோட்டை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள், டவுனில் கடை வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். தலைவலி தொடங்கி இரண்டு வருஷம் ஓடியிருக்கும். அதற்குள் காஸ் குளிசை, இஞ்சிக் கசாயம், மந்திரித்துக் கட்டிய நூல் எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். "மனசுல ஏதும் கவலை இருக்கா?" என்று கேட்டால், கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும். மனசுக்கு ஒண்ணுமில்லையாம், நெஞ்சுதான் அடைக்கிறதாம்.

அவர்கள் பொய் சொல்வதில்லை. தங்கள் மனசு நன்றாக இருக்கிறது என்று நிஜமாகவே நம்புகிறார்கள். இதில்தான் மனச்சோர்வு என்ற இந்த நோயின் சிக்கல் இருக்கிறது. சர்க்கரை ஏறியதை மெஷின் சொல்லும். சந்தோஷம் இறங்கியதை அவரவர்தான் சொல்ல வேண்டும், அந்தக் கணக்கில் மனிதர்கள் அடிக்கடி தவறுகிறார்கள்.

வலி நிஜம்தான்

மனச்சோர்வு உள்ள எல்லாரும் அழுதுகொண்டு வருவதில்லை. நெஞ்சடைப்பு, கை கால் உளைச்சல், பசியின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு என்று உடம்பு வழியாகவும் அது பேசும். "எல்லாம் உன் நினைப்பு" என்று வீட்டார் சொல்வது அநியாயம். வலி வலிதான், காரணம் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது.

நான் கவலையைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துவிட்டேன். கடைசியாக எதை ரசித்துச் சாப்பிட்டீர்கள், எந்த நாடகத்தை முழுசாகப் பார்த்தீர்கள், பேரப்பிள்ளை ஓடி வந்தால் தூக்கத் தோன்றுகிறதா என்று கேட்கிறேன். அப்போதுதான் ஆள் யோசிக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். தைரொயிட், இரத்தச்சோகை, சீனி ஆகியவையும் இதே மாதிரிச் சோர்வைத் தரும் என்பதால் மூன்றுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்வோம்.

"வீடு கட்டி முடிஞ்சா சரியாயிடும்"

இதை நான் கேட்காத வாரம் இல்லை. வீடு முடிந்தால், மகனுக்குக் கட்டார் விசா வந்தால், மகள் கல்யாணம் நல்லபடி நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாள் குறித்துக்கொண்டு நோயைத் தள்ளிப்போடுகிறார்கள். வீடு முடிகிறது, பால் காய்ச்சுகிறார்கள், மூன்றாம் மாதம் அதே நெஞ்சடைப்போடு வந்து நிற்கிறார்கள்.

வருங்காலத்தில் எப்படி உணர்வோம் என்று கணிப்பதில் மனிதர்கள் ஒரே மாதிரித் தவறு செய்வதை டானியல் கில்பர்ட், டிமதி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். நல்லது நடந்தால் வரும் மகிழ்ச்சியையும் கெட்டது நடந்தால் வரும் துயரத்தையும் நாம் பெரிதாகவும் நீளமாகவும் கற்பனை செய்கிறோம். அதற்கு முன்பே, 1978 இல் வேறு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் லொத்தர் பரிசு விழுந்த 22 பேரைக் கேட்டார்கள். பரிசு விழாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைத்த இன்பமும் குறைவாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான். பணத்தால் திருப்தி கூடுகிறது என்று காட்டிய பெரிய ஆய்வுகள் பின்னால் வந்திருக்கின்றன.

அதனால் இந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளியிடம் போய், "மகிழ்ச்சி மனசில்தான் இருக்கு" என்று உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 2022 இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவருக்குப் பணக்கஷ்டம் கற்பனை இல்லை. சம்பளம் கூடட்டும், வீடும் கட்டட்டும். அதுவரை மருந்து வேண்டாம் என்று காத்திருப்பதைத்தான் தவறு என்கிறேன்.

நாமே வைத்தியம் பார்த்துக்கொள்வது

சாராயம் போட்டால் தூக்கம் வரும் என்கிறார்கள். வரும், உண்மைதான். பின்னிரவில் அது தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் மனசை இன்னும் கீழே இறக்கும். அதைச் சமாளிக்க அன்று மாலை இன்னொரு கால் போத்தல்.

சிலர் பிரிட்டோன் போடுகிறார்கள். அது தும்மலுக்கும் அரிப்புக்கும் உள்ள குளிசை. தூக்கம் வருவது அதன் பக்கவிளைவு. பக்கவிளைவுக்காக மாதக்கணக்கில் மருந்து விழுங்குகிறவரிடம் என்ன சொல்வது? வயதானவர்களுக்கு அதனால் தடுமாற்றம் வரும், சிறுநீர் கட்டும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த டயஸிபாம் இதைவிட மோசம். தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், சட்டென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம். இதைத் தினமும் போடுகிற அதே ஆள், நான் மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால், "அது குடிச்சா அடிமையாகிடுவோமாமே டொக்டர்" என்று பின்வாங்குகிறார். அடிமையாக்குவது எது, ஆக்காதது எது என்பதை இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாகப் புரிந்துகொண்ட ஊரை நான் பார்த்ததில்லை.

கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. நாலு பேரோடு சேர்ந்து நிற்பது மனசுக்கு நல்லது. பூசாரி குறித்த நாற்பத்தெட்டு நாள் முடியும்வரை மருந்தை நிறுத்தி வைப்பதுதான் கெடுதல்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம், "அங்கொடைக்கு அனுப்பிடுவீங்களா?" மனநல வைத்தியசாலை இருக்கிற அங்கொடையைத் திட்டுகிற சொல்லாக்கியது நாம்தான். பெரும்பாலானவர்களை எங்கேயும் அனுப்பத் தேவையில்லை. மாத்தளை அரசாங்க வைத்தியசாலையிலேயே மனநலக் கிளினிக் இருக்கிறது, காசும் இல்லை.

நினைவும் ஏமாற்றும்

மனச்சோர்வு வருங்காலத்தை மட்டுமல்ல, கடந்த காலத்தையும் இருட்டாக்குகிறது. "நான் எப்பவுமே சந்தோஷமா இருந்ததில்ல" என்பார் ஒருவர். "மாசி மகத்துக்கு அஞ்சு தேரும் வர்ற வரைக்கும் புள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னீங்களே" என்று பக்கத்திலிருக்கும் மனைவி திகைப்பார். அவருக்கு அது ஞாபகம் இருக்கிறது, அந்த மகிழ்ச்சி மட்டும் கைக்கு எட்டவில்லை.

இந்த நிலையில்தான் "இனி ஒருபோதும் சரிவராது" என்ற தீர்மானம் வருகிறது. அந்தத் தீர்மானம் எவ்வளவு பிழையானது என்பதற்கு நம் நாடே சாட்சி. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கோபமோ விரக்தியோ உச்சத்தில் நிற்பது பல சமயம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் விஷம் கைக்கெட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

கெஞ்சித்தான் கேட்கிறேன்

தம்புள்ளை, கலேவெல பக்கம் மரக்கறி செய்கிறவர்களே, பூச்சிமருந்தைப் பூட்டி வைத்து, சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள். வீட்டில் ஒருவர் "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால், சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியாக விடாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரவென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், 24 மணித்தியாலமும் இயங்குகிறது.

மருந்து தொடங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் செல்லும். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், அதற்காக நிறுத்தாதீர்கள். சுகமானதும் "இனித் தேவையில்லை" என்று நீங்களே முடிவெடுக்கவும் வேண்டாம். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், குறைப்பதை நாங்கள் சேர்ந்து செய்வோம். பார்மசி நடத்துகிற ஐயாமார்களே, துண்டில்லாமல் தூக்கக் குளிசை கேட்டு வருகிறவரைத் தயவுசெய்து எங்களிடம் அனுப்புங்கள்.